பட்ட மரத்துக்கு ஜாதி உண்டா?

போன்சாய் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர், "உனக்கு வேற வேலையே இல்லியாய்யா?" என்றார். நியாயமான கேள்வி. சிறுபத்திரிகைப் பக்கம் சும்மா கிடைக்கிற புறம்போக்கு நிலமா என்ன? மரத்தைக் கம்பி சுற்றி வளைத்து, வேரை நறுக்கி, குட்டைத் தொட்டியில் அடைத்து வரவேற்பறையில் வைக்கிற வசதிக்காரப் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம்தான். ஆனால் அதற்குள் ஒரு குறிப்பிட்ட வேலைமுறை இருக்கிறது. செத்துப்போன கட்டையோடு உயிருள்ள கன்றைச் சேர்த்து, இரண்டும் சேர்ந்து ஒரே கிழமரம் என்று பார்ப்பவனை நம்பவைக்கிற வேலை. எந்தக் கட்டையில் எந்த ஜாதிக் கன்றை வைப்பது என்கிற தேர்வுதான் இதில் கலை என்கிறார்கள். மரவகைக்கும் மனிதப் பிரிவுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இந்தத் தேர்வைத் தோட்டக்கலைக் குறிப்பாக மட்டும் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு படிக்கும்போது இன்னும் முடியவில்லை.

ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தனுகி'. தனுகி என்பது நரி சாயலில் இருக்கும், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கு. அவர்களுடைய நாட்டுப்புறக் கதைகளில் வேஷம் மாறி ஆளை ஏய்ப்பது அதன் பிழைப்பு; ஒரு கதையில் தேநீர்க் கெண்டியாகவே மாறிவிடும். மேற்கே போனதும் அதே வேலைக்கு 'ஃபீனிக்ஸ் ஒட்டு' என்று பேர் வந்துவிட்டது. சாம்பலிலிருந்து எழும் பறவை! ஒருவன் பித்தலாட்டம் என்று சிரித்துக்கொண்டே பேர் வைக்கிறான், இன்னொருவன் உயிர்த்தெழுதல் என்று பேர் வைத்து விற்கிறான். உளி அதே உளி. எனக்கு ஜப்பானியப் பெயர்தான் பிடித்திருக்கிறது. அது தன் தந்திரத்தை வாசலிலேயே சொல்லிவிடுகிறது.

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நன்றாகக் காய்ந்து வைரமேறிய, முறுக்கும் பொந்துமாக இருக்கிற ஒரு கட்டை. அதன் உடம்பில் அடியிலிருந்து மேல்வரை உளியாலோ சுழலும் கருவியாலோ ஒரு பள்ளம் பறிக்கிறார்கள். பள்ளத்தின் வாய் குறுகி, உட்புறம் அகன்று இருந்தால் நல்லது. பென்சில் கனத்தில், வளைந்துகொடுக்கிற இளங்கன்று ஒன்றைப் பக்கக் கிளை கழித்து அந்தப் பள்ளத்தில் படுக்கவைத்து, திருகாணியால் இறுக்கி, மேலே நாடா சுற்றுகிறார்கள். கன்றின் வேர் கட்டைக்கு அடியில் மண்ணில் இருக்கும். பிறகு சில வருஷம் பெரிய சட்டியிலோ தரையிலோ வைத்து, உரம் போட்டு, கண்டபடி தழைக்க விடுகிறார்கள். கன்று பருக்கப் பருக்கப் பள்ளத்தின் சுவரில் முட்டுகிறது. உள்ளே இடமில்லாமல் வெளியே பிதுங்கி, விளிம்பின்மேல் படிகிறது. ஆணித்தலை பட்டைக்குள் புதைந்து காணாமல் போகிறது. அப்புறம்தான் ஆழமில்லாத தொட்டிக்கு மாற்றுவது. இப்போது பார்ப்பவனுக்கு அது மலையுச்சியில் இடியும் காற்றும் தின்று, பாதி செத்து, ஒரே ஒரு பட்டைக் கீற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முந்நூறு வருஷ மரம். கன்றுக்கு வயது ஆறோ ஏழோதான் இருக்கும்.

இதை ஒட்டு என்று சொல்வதே பிசகு. ஒட்டுக்கட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஒட்டு என்றால் இரண்டு பக்கமும் உயிர் இருக்க வேண்டும். வேர்ச்செடியின் பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்கும், ஒட்டுக்குச்சியின் பச்சை அடுக்கும் தொட்டுக்கொண்டு, திசு கூடி, சாறு ஓட வேண்டும். தனுகியில் எதுவும் கூடுவதில்லை. செத்த கட்டை ஒன்றும் தருவதில்லை, வாங்குவதும் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிறது, அவ்வளவே. பத்து வருஷம் கழித்துப் பிரித்தெடுத்தாலும் கட்டை கட்டையாகவும் மரம் மரமாகவும் வரும், பள்ளத்தின் அச்சு மட்டும் மரத்தின் முதுகில் இருக்கும்.

உயிருள்ள ஒட்டில் ஜாதிக் கட்டுப்பாடு உண்டு, மறுக்க முடியாது. மாவின்மேல் புளியைக் கட்டினால் கூடாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு நாம் நினைக்கிற அளவுக்கு இறுக்கமானதும் இல்லை. நம் பக்கத்துச் சப்போட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அதற்கு வேர் கொடுப்பது நம் வறண்ட காட்டின் உலக்கைப் பாலை. பழக்கடைக்காரர் பாலைக்காகத் தனியாக விலை போடுவதில்லை, ஆனால் தோப்பு நிற்பது அதன் காலில். சுண்டைக்காய்ச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டி வாடல் நோயிலிருந்து தப்பிக்கிறார்கள். தக்காளியைக் கத்தரியின்மேல் கட்டுகிறார்கள். ஒரே பேரினமாக இருந்தால் உயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஒரே குடும்பமாக மட்டும் இருந்தால் சில சமயம் ஒத்துக்கொள்ளும். தனுகியிலோ அந்தத் தடைகூடக் கிடையாது. செத்தது எதையும் மறுப்பதில்லை. புளியங்கட்டையில் இச்சியை வைக்கலாம், வேப்பங்கட்டையில் காகிதப்பூவை வைக்கலாம். இயற்கை ஒரு சொல் சொல்லாது.

வேடிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இயற்கை தடை போடாத இந்த ஒரே இடத்தில் ரசனை வந்து தடை போடுகிறது. ஒரே ஜாதியாகப் பார், ஜூனிப்பர் கட்டைக்கு ஜூனிப்பர் கன்று, பைன் கட்டைக்குப் பைன் கன்று என்பது பரவலான அறிவுரை. நாற்றுப் பண்ணை நடத்தும் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "சார், கட்ட இன்னா ஜாதியோ கன்னும் அதே ஜாதியா இருந்தாத்தான் மேட்ச் ஆவும். வேற ஜாதிய வச்சா பாக்குறவன் கண்டுபுடிச்சிடுவான்." அவர் பொதுவான தொழில் அறிவைத்தான் சொன்னார், உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் 'கண்டுபுடிச்சிடுவான்' என்ற சொல்லை நம்மில் பலர் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது கேட்டிருக்கிறோம். ஒரு சொல்லாடல் எங்கே பதற்றப்படுகிறது என்று பார்த்தால் அது எதைக் காவல் காக்கிறது என்று தெரிந்துவிடும். உயிர் கூடுகிறதா என்ற கவலை இங்கே இல்லை. தையல் தெரிந்துவிடுமோ என்பதே கவலை.

அதற்காக 'போலி' என்று தனுகியை ஒதுக்குகிறவர்களோடு நான் சேரப்போவதில்லை. ஜப்பானியப் பெருங்கண்காட்சிகளில் தனுகிக்கு மரியாதை கிடையாது. அசல் கிழமரம் வேண்டும், வம்ச வரலாறு வேண்டும். அசல் என்பதைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் போலி என்ற வசைச் சொல் தேவைப்படுகிறது. எழுதுவதும் ஒட்டுக்கட்டுவதும் ஒரே வேலை என்கிற திசையில் 1972-இல் தெரிதா எழுதினார். எழுத்தாணிக்கும் ஒட்டுக்குச்சிக்கும் கிரேக்கத்தில் ஒரே வேர்ச்சொல் என்பது அவருக்கு ஒரு பிடி. எந்தப் பிரதியும் இன்னொன்றின் காயத்தில் செருகப்பட்டதே என்று அங்கிருந்து போகலாம். போய், 'எல்லாமே தனுகிதான்' என்று கைதட்டிவிட்டு வீட்டுக்கும் போகலாம். இங்கே பலர் அப்படித்தான் போனார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. எல்லாமே ஒட்டு என்றால், எந்த ஒட்டில் தையலை மறைக்கிறார்கள், எந்தக் கட்டை எவன் அடுப்பிலிருந்து வந்தது என்று கேட்பது இன்னும் அவசியமாகிறது.

மரங்களுக்கே வருகிறேன். ஜூனிப்பர் ஏன் ராஜா? காரணங்கள் உண்டு. ஷிம்பாகு வகை ஜூனிப்பரின் இலை பொடிசு. இளந்தண்டு கம்பிக்கு வளையும். அதன் செத்த மரம் பிசினோடு இறுகி நெடுநாள் நிற்கும். மலையில் உண்மையாகவே அது பாதி செத்துப் பாதி வாழ்கிற மரம், எனவே காட்சி நம்பத்தக்கது. ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்க்கும் மரங்கள் பெரும்பாலும் காயத்தை மூடிவிடும், செத்த பாகம் மக்கிப்போகும். அவற்றில் வெள்ளைக் கட்டை நின்றால் கண்ணுக்கு ஒட்டாது. சரி. ஆனால் இதெல்லாம் குளிர்மலை ஒன்றின் இலக்கணம். செஞ்சியின் சித்திரை வைகாசி வெயிலில், பகல் முழுக்கச் சூடேறி இரவெல்லாம் அனல் கக்குகிற இந்தப் பாறைகளுக்கு நடுவில், ஜூனிப்பர் திணறும். அதனால் சிலர் சவுக்கை வைக்கிறார்கள். தூரத்துப் பார்வைக்கு ஊசியிலை மாதிரி இருக்கும், வேகமாகப் பருக்கும். ஆக, ஜூனிப்பர் கிடைக்காத ஊரில் ஜூனிப்பர் வேஷம் போட ஒரு மரம். தனுகிக்குள் தனுகி! சவுக்கும் இந்த மண்ணுக்கு வந்தேறிதான். சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின் விறகுக்காகத் தோப்புத் தோப்பாக வைத்தார்கள். வந்தேறி என்பதால் எனக்கு அதன்மேல் கோபமில்லை. இன்னொன்றின் நிழலாக மட்டும் அதை வளர்ப்பதில்தான் சலிப்பு.

நம் வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களைப் பார்ப்போம். உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, காயா இவற்றின் இலையும் கட்டமைப்பும் அபாரம். தனுகிக்கு உதவாது. பருப்பதற்குள் நமக்கு வயசாகிவிடும், பள்ளத்தைப் பிடிக்கிற வேகம் அவற்றுக்கு இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிடுவது நல்லது (காட்டிலிருந்து தோண்டிவருகிற புத்திசாலிகள் கவனிக்க). புளியைப் பலரும் விரும்புகிறார்கள். இலை நுணுக்கம், வறட்சி தாங்கும், வயசான முகம் சீக்கிரம் வரும், ஆனால் தண்டு நிதானமாகத்தான் பருக்கும். காகிதப்பூ பூவுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வளைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும், அதன் சொந்தக் கட்டை மழையில் பஞ்சாகிவிடும். முன்னை நல்ல மரம், அதன் உறவுகளைக் கிழக்காசியத் தீவுகளில் போன்சாய்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். பிராய மரமும் அப்படியே, சொரசொரத்த சின்ன இலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே இச்சி. ஆல், அரசு, அத்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. இதற்குத் தனுகி வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றின் உடம்பில் ஏறி வாழ்வது அதன் குலத்தொழில் (இந்தச் சொல்லை மரத்தோடு நிறுத்திக்கொள்வோம்). விழுது கட்டையைச் சுற்றும், ஒரு விழுது இன்னொரு விழுதைத் தொட்ட இடத்தில் இரண்டும் கூடி ஒன்றாகும். திருகாணிகூட அதிகம் தேவைப்படாது. வெட்டிய இடத்தில் பால் வடிந்து தானே அடைபடும். போதிய வெயிலும் திரும்பத் திரும்பக் கிள்ளலும் இருந்தால் இலை சிறுக்கும். ஆனால் போட்டிக்காரர்கள் இச்சியைத் தனுகிக்கு இரண்டாந்தரமாகவே பார்க்கிறார்கள். காரணம் அதே காரணம். இச்சியின் பட்டை சாம்பல் வழவழப்பு, கட்டை வேறு நிறம். தெரிந்துவிடும். ஒன்று இன்னொன்றின்மேல் வாழ்கிறது என்பதை இச்சி ஒளிக்காது.

செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பார்க்கலாம், பனையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆலமரம். பறவை எச்சத்தில் வந்த விதை, பனையின் மட்டை இடுக்கில் சேர்ந்த தூசியிலும் ஈரத்திலும் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, காலப்போக்கில் பனையை அணைத்துக்கொள்கிறது. சில இடத்தில் பனை செத்துவிடும், ஆலின் நடுவில் அதன் நெடுந்தண்டு மட்டும் நிற்கும். ஊர்க்காரர்கள் அதற்கு மஞ்சள் துணி சுற்றிக் கும்பிடுகிறார்கள். தொல்காப்பிய மரபியல்படி பார்த்தால் பனை மரமே கிடையாது. வைரம் வெளியே இருப்பது புல், உள்ளே இருப்பது மரம் என்று அது பிரிக்கிறது. ஆக, மரம் ஒன்று புல் ஒன்றின்மேல் ஏறி நிற்கிறது. ஜாதி மட்டுமா, வகையே வேறு. அதற்கு எந்தக் கண்காட்சியிலும் இடமில்லை, அதைப் பார்த்து ஏமாறுபவரும் ஒருத்தரும் இல்லை. இது பனை, இது ஆல் என்று சின்னப் பிள்ளையும் விரல் நீட்டிச் சொல்லும். இங்கே போன்சாய்க்கு இந்தியப் பூர்வீகம் சொல்கிறவர்கள் 'வாமன விருட்சம்' என்று சமஸ்கிருதப் பேர் ஒன்றைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அவர்கள் ஊர் எல்லையில் நிற்கும் இந்த மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்க்கலாம். செத்த பழமையோடு புது ஆசையை ஆணியடிக்கும் அவர்கள் பேச்சும் நல்ல தனுகிதான், ஒரே ஜாதியில் செய்தது.

இனி கட்டை எங்கிருந்து வருகிறது? கையேடுகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 'நல்ல கட்டை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பக்கமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தலையில் விறகுக்கட்டோடு வந்த ஓர் ஆயாவிடம், வளைந்த கட்டையைத் தொட்டியில் வைத்து அழகு பார்ப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "ஏம்ப்பா, காஞ்ச கட்டயப் போயி தொட்டிலயா வெப்பாங்க? எரியாதா அது?" என்று கேட்டது. எரியாத கட்டைக்குத்தான் தொட்டி என்பது அதனுடைய தர்க்கம். எரியக்கூடியது அடுப்புக்கு. இதில் எனக்குப் பதில் இல்லை.

காய்ந்த மரத்துக்கு உரிமை யாருடையது என்பது நவீன அரசியல் சிந்தனையின் பழைய சண்டைகளில் ஒன்று. 1842-இல் இளம் மார்க்ஸ் ரைன் மாகாணச் சபையின் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி எழுதினார். நிற்கும் மரத்தை வெட்டுவதும் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். பாம்பின் சட்டை பாம்புக்குச் சொந்தமில்லாதது போல, உதிர்ந்தது மரத்திலிருந்து விலகிவிட்டது, மரத்தின் உடைமையாளன் அதற்கு உடைமையாளன் ஆகமாட்டான். காய்ந்த சுள்ளிக்கும் வேரூன்றிய மரத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஏழ்மைக்கும் செல்வத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் பார்த்தார். ஏழைகள் அந்தச் சுள்ளியோடு ஓர் உறவை உணர்கிறார்கள் என்றார். அதற்குச் சரியாக 40 வருஷம் கழித்து, 1882-இல், சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காட்டில் அனுமதியில்லாமல் விறகெடுப்பது குற்றமாயிற்று. இந்தப் பக்கத்து இருளர்கள் அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டுதான் மரம்வெட்டவும் கரிமூட்டம் போடவும் செங்கல் சூளைக்கும் போனார்கள், கொத்தடிமையாகவும் போனார்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் எவையெவை என்று பட்டியல் போடுகிறபோது மூங்கில், சுள்ளி, தேன் இவற்றோடு அடிக்கட்டையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வழிவழியாகச் சேகரித்துவந்த பழங்குடிகளுக்கும் காடுவாழ் மக்களுக்கும் அதில் உரிமை. சட்டம் எழுதியவர்கள் தனுகியை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மலையில் 'சும்மா கிடந்த' அடிக்கட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த கலைஞர் அந்த வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆயா சுமந்தால் வழக்கு, அவர் சுமந்தால் அழகியல்.

கட்டை என்றதும் எங்கள் ஊரில் இருப்பதிலேயே பெரிய கட்டை நினைவுக்கு வராமல் இருக்காது. கோட்டையைச் சொல்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலையைச் சுற்றி, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில். பயன் முடிந்து, பட்டை உரிந்து, வெயிலில் வெளுத்து நிற்கிறது. தொல்லியல் துறைக்காரர்கள் மதிலில் முளைக்கும் அரசையும் இச்சியையும் பிடுங்குகிறார்கள். பிடுங்கத்தான் வேண்டும், வேர் கல்லைப் பெயர்த்துவிடும். அதே துறை கம்போடியாவின் தா புரோம் கோயிலில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வேலை செய்துவருகிறது. அங்கே கல்லைக் கவ்விய ராட்சத மரங்களுக்கு முட்டுக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள், ஏனென்றால் பார்க்க வருகிறவன் மரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வருகிறான். எந்த உயிர் எந்த இடிபாட்டின்மேல் இருக்கலாம் என்பதைப் பல சமயம் பார்வையாளனின் ஆசை முடிவு செய்கிறது.

கல்லில் முளைக்கும் செடிக்கு மட்டுமா இது? கோட்டையின்மேல் கட்டப்படும் வரலாறுகளுக்கும் இதே கணக்கு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 12 கோட்டைகள், 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்று. சிவாஜி 1677-இல் பிடித்தார். ராஜாராம் இங்கே அடைக்கலமாகி, முகலாயர் பல வருஷம் முற்றுகையிட்டு, 1698-இல் கோட்டை கைமாறியது. ஆக மராட்டியர் இருந்தது சுமார் 20 வருஷம். அந்த 20 வருஷம் பொய்யில்லை, மதிலில் அவர்கள் செய்த வேலையும் பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னே கோன் வம்சம் என்று மரபுவழிக் கதை சொல்லும் இடையர்கள், நாயக்கர்கள், 1649 முதல் பிஜப்பூர் சுல்தான்கள். பின்னே முகலாயர், பண்டேலர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். இவ்வளவு மேடுபள்ளமுள்ள கட்டையில் பட்டியலுக்குப் பொருந்துகிற ஒரு பள்ளத்தை மட்டும் பறித்து, ஒரு கன்றை இறுக்கி, 'ஒரே மரம்' என்று காட்டினால் ஆணித்தலை புதைய அதிக வருஷம் ஆகாது. பழைய பதிவுகளில் நான்காவதாக ஒரு சிறு குன்றின் பெயர் வரும், சக்கிலி துர்க்கம் என்று. மூன்று மலையின் பேரைச் சொல்லும் சுற்றுலாக்காரர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். ராஜகம்பீரக் கட்டைக்கு ராஜஜாதிக் கன்றுதான் 'மேட்ச் ஆவும்' போல.

இதற்கு எதிர் உதாரணமும் இதே கோட்டையில் இருக்கிறது. தேசிங்கு ராஜன் கதை. பண்டேல்கண்டிலிருந்து வந்த தேஜ்சிங், ஓர் ஆண்டுகூட ஆளாமல், 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதிச் செத்துப்போன இளைஞன். வடக்கத்தி ஆள், இந்த மண்ணோடு சொந்தமில்லை. ஆனால் நம் பாடகர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு, நீலவேணிக் குதிரையையும் முஸ்லிம் நண்பன் மோவுத்துக்கானையும் பெருக்கி, தெருத்தெருவாகப் பாடினார்கள். தேஜ்சிங் தேசிங்கு ஆனான். பெயரிலேயே தையல் தெரிகிறது. சரித்திரக்காரர்கள் அதில் பிழை கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பாட்டு அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. (அந்த வீரச்சாவோடு மனைவி தீயில் இறங்கிய கதையையும் சேர்த்துப் புகழ்ந்ததை மன்னிக்க முடியாது, அது வேறு கட்டுரை.) பனைமேல் ஆலைப் போல, வேறு வகையான ஒன்றின்மேல் வேறு வகையான ஒன்று வளர்ந்த பிரதி அது. இரண்டையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கலாம்.

எனவே, செய்வதானால் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வருகிறது. கட்டைக்கு மலைக்குப் போகாதீர்கள். வேலிக்காத்தான் இருக்கிறது. சீமைக் கருவேலம் என்று அரசாங்கம் வேரோடு பிடுங்கச் சொல்கிற அதே மரம். அதன் அடிக்கட்டை முறுக்கும் முண்டுமாக, வைரம் பாய்ந்து, கோடாலியைத் திருப்பி அனுப்பும். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கரியாக விற்றால் அவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதைவிட மேலே கொடுத்து வாங்குங்கள், தொட்டிக்குக் கொடுக்கிற விலையை நினைத்துக்கொண்டு கொடுங்கள். அதில் இச்சியை ஏற்றுங்கள். பள்ளத்தை ஆழமாகப் பறிக்க வேண்டாம், விழுது ஓட இரண்டு மூன்று வாய்க்கால் போதும். ஆடியில் வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். கட்டையின் அடி ஈரமண்ணில் நேராக உட்காரக் கூடாது. நம் ஊரில் காற்றைவிடக் கரையான் பெரிய சிற்பி. அடியில் ஒரு கருங்கல் சில்லை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூசி எலும்பு வெள்ளையாக்கவும் வேண்டாம், வேலிக்காத்தான் தானாக வெளுக்கிற சாம்பல் நிறம் போதும். கரையானுக்கு வேப்பெண்ணெய் பூசலாம், கொஞ்சம் கறுக்கும். பட்டை வேறு, கட்டை வேறு என்று தெரியட்டும்.

கண்காட்சிக்கு வைத்தால் பெயர்ச்சீட்டில் இரண்டு வரி எழுதலாம். மேல் வரியில்: இச்சி, வயது 6. கீழ் வரியில்: வேலிக்காத்தான், பட்டது, கட்டை வாங்கிய மூட்டம் இன்ன ஊர், கொடுத்த விலை இவ்வளவு. நாற்றுப் பண்ணைக்காரரிடம் இதைச் சொன்னபோது தலையைச் சொறிந்துகொண்டு, "விலையப் போட்டா எவன் சார் வாங்குவான்?" என்றார். ஊர்ப்பேரைப் போடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு இச்சிக் கன்று எடுத்துவைத்திருக்கிறார், கட்டை இன்னும் வரவில்லை.